பஸ்ஸில் பிள்ளைக்கு பெம்பர்ஸ் மாற்றினேன், எல்லோரும் திட்டினார்கள்: நான் செய்தது தப்பா டாக்டர்?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் தோட்டமும் வெளியே வரவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய வேறு சிலவற்றையும் நான் எடுத்துவிட்டேன். கடிதத்தின் சாரம் இதுதான்.

முதல் பிள்ளை, பெண். 31 வாரத்திலேயே பிறந்துவிட்டது. இப்போது ஐந்து மாதம், தாய்ப்பால் மட்டும்தான். கணவருக்கு ஜொகூரில் தொழிற்சாலை வேலை, மாதம் ஒரு முறை வருவார். குறைமாதப் பிள்ளை என்பதால் கண் பரிசோதனைக்கு ஈப்போ போய்வர வேண்டும். போன தடவை கைக்குழந்தையோடு தனியாகப் பஸ் ஏறியிருக்கிறார். ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வயிறு நிறையப் பால் கொடுத்திருக்கிறார். செம்மோர் தாண்டுவதற்குள் பிள்ளை ஆய் போய்விட்டது. முதுகு வரை வழிந்து இவருடைய சட்டையிலும் பட்டுவிட்டது. பதறிப்போய்ப் பக்கத்து இருக்கையில் பிள்ளையைப் படுக்கவைத்து பெம்பர்ஸை அவிழ்த்திருக்கிறார். பஸ் ஒரு வளைவில் திரும்ப, பிள்ளை சறுக்கியது. முட்டியால் தடுத்துப் பிடித்தாராம்.

அடுத்த வரிசையில் நாசி லெமாக் பொட்டலத்தை மடியில் பிரித்து வைத்திருந்த ஒரு பாட்டி, "மனுஷன் உட்கார்ற இடத்தில இதை விரிச்சு வச்சிருக்கியே, வெட்கமாயில்லையா உனக்கு?" என்று சத்தம் போட்டிருக்கிறார். கண்ணாடியில் பார்த்த டிரைவரும், "காக், சினி தா போலே!" (அக்கா, இங்கே கூடாது!) என்று அதட்டி, சமன் (அபராதச் சீட்டு) கொடுப்பார்கள் என்று மிரட்டியிருக்கிறார். ஒரு சீனப் பையன் டிஷ்யூ பாக்கெட்டை நீட்டிவிட்டு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டானாம். அழுகையும் அவமானமுமாக இவர் ஈப்போவுக்கு முன்பே ஒரு நிறுத்தத்தில் இறங்கி, கையில் இருந்த பெம்பர்ஸைச் சாலையோர வாய்க்காலில் வீசிவிட்டு, எதிர்ப்பக்கம் பஸ் பிடித்து வீடு திரும்பிவிட்டார். கண் டாக்டரைப் பார்க்கவே இல்லை.

"இனிமேல் பஸ்ஸில் போகும் நாளில் இரண்டு மணி நேரம் முன்பிருந்தே பால் கொடுக்காமல் இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன். மாமியார் வசம்பு உரைத்துக் கொடுத்தால் வயிறு கட்டும் என்கிறார். இரண்டு பெம்பர்ஸ் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால் தாங்குமா? பிள்ளையின் பின்புறமும் கொஞ்சம் சிவந்திருக்கிறது. பால் குடிக்கிற பிள்ளையின் ஆய் அசுத்தமா டாக்டர்? நான் செய்தது அவ்வளவு பெரிய தப்பா?"

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் கேட்டது பெம்பர்ஸைப் பற்றி. என் கண் நின்றது வேறோர் இடத்தில், "பார்க்கவே இல்லை" என்ற வரியில். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் மனத்தை அரித்துக்கொண்டிருப்பதைப் பேசிவிடுவோம்.

பிள்ளை ஆய் போனதும் சுத்தம் செய்ய நினைத்தது தப்பே இல்லை. தாயாக உங்கள் கை தானாகச் செய்தது அது. ஆனால் செய்த இடமும் விதமும் சரியில்லை. அதில் பாட்டியின் முகச்சுளிப்பை விட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த வளைவு. ஓடுகிற பஸ்ஸின் இருக்கை குறுகலானது, வழுக்கும், முன்பக்கம் தடுப்பு எதுவும் கிடையாது. பெம்பர்ஸ் மாற்ற இரண்டு கையும் வேண்டும். அப்புறம் பிள்ளையைப் பிடிக்கக் கை ஏது? டிரைவர் பிரேக் போட்டிருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கும் கடிதமே வேறாக இருந்திருக்கும். அதனால் ஒன்றை மட்டும் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள்: பஸ் ஓடும்போது மாற்றுவதில்லை. என்ன நாற்றம் வந்தாலும், யார் என்ன சொன்னாலும் சரி.

எது காத்திருக்கும், எது காத்திருக்காது

சிறுநீர் காத்திருக்கும். இப்போதைய பெம்பர்ஸுக்குள் இருக்கும் பொடி நீரை இழுத்துக் கூழாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று மணி நேரம் வரை பெரும்பாலும் கவலை இல்லை. (பெம்பர்ஸ் என்பது 1961-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒரு கம்பெனிச் சரக்கின் பெயர். நம் ஊரில் எந்தக் கம்பெனிச் சரக்கானாலும் அதுதான் பெயர். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

ஆய் அப்படியில்லை. அதில் உணவைச் செரிக்கும் நொதிகள் கலந்திருக்கும். சிறுநீரோடு சேரும்போது அம்மோனியா உண்டாகி அந்த நொதிகளின் வேகம் கூடும். பிறகு அவை பிள்ளையின் மெல்லிய தோலையே அரிக்கத் தொடங்கும். பின்புறம் சிவந்து போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆகவே ஆய் போனால் சீக்கிரம் மாற்றவேண்டும் என்று நீங்கள் நினைத்தது சரி. ஆனால் சீக்கிரம் என்றால் அந்த நிமிஷமே என்று பொருளில்லை. நல்ல தோலாக இருந்தால் அரை மணி நேரத்தில் ஒன்றும் உரிந்துவிடாது. செம்மோரிலிருந்து ஈப்போ மேடான் கிட் நிலையம் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். நிமிர்த்தி மடியில் வைத்து, ஒரு துணியால் சுற்றி அணைத்துக்கொண்டு போயிருந்தால் போதும். உங்கள் சட்டை இன்னும் கொஞ்சம் கறையாகியிருக்கும், அவ்வளவுதான். வயிற்றுப்போக்கு இருக்கும்போதும், ஏற்கெனவே தோல் புண்ணாகி இருக்கும்போதும்தான் இந்த அரை மணிக் கணக்கு செல்லாது.

இன்னொன்று. முதுகு வரை வழிந்தது என்றால் பெம்பர்ஸ் அளவு பொருந்தவில்லை என்று எனக்குச் சந்தேகம். பெட்டியில் போட்டிருக்கும் கிலோவைத்தான் பார்க்கவேண்டும், மாதத்தை அல்ல. உங்கள் பிள்ளைக்கு வயது ஐந்து மாதம் என்றாலும் ஒன்பது வாரம் முந்திப் பிறந்தவள். அந்த ஒன்பது வாரத்தைக் கழித்தால் கிட்டத்தட்ட மூன்று மாதக் குழந்தை. மலிவாகக் கிடைக்கிறதே என்று பெரிய அளவில் ஒரு மூட்டை வாங்கினால் தொடைப் பக்கம் இடைவெளி விழும், அது வழியாகத்தான் ஒழுகும். சரியான அளவைப் போட்டு, தொடையைச் சுற்றியிருக்கும் சுருக்கு விளிம்பை விரலால் வெளியே இழுத்துவிடுங்கள். உள்ளே மடங்கிக் கிடந்தால் அது இருந்தும் பயனில்லை.

இரண்டு பெம்பர்ஸ் வேண்டாம். நம் வெயிலுக்கு உள்ளே வெந்துபோகும், தோல் இன்னும் சிவக்கும். உள்ளே இருப்பது ஒழுகினால் வெளியே இருப்பதும் அதே இடத்தில்தான் ஒழுகும்.

பால் நிறுத்துவதும் வசம்பும்

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை ஆய் போகக்கூடாது என்பதற்காகப் பாலை நிறுத்தக்கூடாது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு உடம்பில் சேமிப்பு குறைவு. பஸ் வரும்வரை வெயிலில் நின்று, பிறகு ஒரு மணி நேரப் பயணம், அங்கே ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்து உட்கார்ந்தால் எத்தனை மணி நேரமாகும் என்பது உங்களுக்குத் தெரியும். இத்தனைக்கும் முன்னால் இரண்டு மணி நேரப் பட்டினியா? நீர்ச்சத்து குறையும், பிள்ளை சோர்ந்துவிடும். பாலுக்குப் பதில் தண்ணீர் கொடுக்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும், தண்ணீர் வேண்டாம்.

பாலை நிறுத்த வேண்டாம், நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பால் வயிற்றுக்குள் போனதும் குடல் அசையத் தொடங்கும். நிறையப் பிள்ளைகள் பால் குடித்த கொஞ்ச நேரத்திலேயே ஆய் போவது இதனால்தான். பஸ் ஏறுவதற்குச் சற்று முன்னால் கொடுத்தீர்கள், செம்மோருக்குள் போய்விட்டது. அடுத்த தடவை புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வயிறு நிறையக் கொடுங்கள். ஆய் போகட்டும். கழுவிப் புதிது போட்டு ஏறுங்கள். நடுவில் பசித்து அழுதால் பஸ்ஸிலும் கொடுங்கள், ஒரு துப்பட்டா போதும். தாய்ப்பால் பிள்ளை சில நாள் ஐந்தாறு முறை போவாள், சில வாரம் மூன்று நாள் போகவே மாட்டாள். இரண்டும் இயல்புதான். எனவே எவ்வளவு திட்டமிட்டாலும் ஒரு நாள் தவறத்தான் செய்யும். தவறினால் அது உங்கள் கெட்டிக்காரத்தனத்தின் குறை இல்லை.

வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்றே நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். என் அம்மாவும் உரைத்தவர்தான். உங்கள் மாமியார் கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிழங்கில் நஞ்சுத்தன்மை உள்ள சத்தும் இருக்கிறது. உரைக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்று யாராலும் அளக்க முடியாது. உரைகல்லின் அழுக்கும் சேர்ந்தே போகும். இவ்வளவு சிறிய பிள்ளைக்கு வாய் வழியாகக் கொடுக்க வேண்டாம். "டாக்டர் வேண்டாம்னு எழுதிட்டாங்க அத்தை" என்று பழியை என் மேல் போட்டுவிடுங்கள். வீட்டில் சண்டை வேண்டாம்.

வேறு வழியே இல்லாமல் பஸ்ஸில் மாற்ற நேர்ந்தால்

கோலாலம்பூர் போகிற மாதிரி நீண்ட பயணம், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, அல்லது உடம்பெல்லாம் வழிந்துவிட்டது என்றால் அரை மணிக் கணக்கு உதவாது. அப்போது முதலில் டிரைவரிடம் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள். "பாங், தோலோங் பெர்ஹெந்தி செகெஜாப், பேபி சாயா நாக் துக்கார் பெம்பர்ஸ்" (அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்கள், என் பிள்ளைக்கு பெம்பர்ஸ் மாற்ற வேண்டும்) என்று தணிவாகக் கேளுங்கள். அடுத்த நிறுத்தத்தில் ஐந்து நிமிஷம் கேட்டால் நிறையப் பேர் மறுக்க மாட்டார்கள், அவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தான். தொலைதூர எக்ஸ்பிரஸ் பஸ் நெடுஞ்சாலையில் ஓய்விடத்தில் நிற்குமா, எங்கே நிற்கும் என்று ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

பஸ் நின்ற பிறகு, கீழே இறங்க வசதியில்லை என்றால், இருக்கையில் வேண்டாம், உங்கள் மடியில் மாற்றுங்கள். பின்னால் நன்றாகத் தள்ளி உட்கார்ந்து இரண்டு பாதமும் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். தொடை மேல் ரப்பர் விரிப்பு, அதன் மேல் ஒரு பழைய கைலித் துண்டு. பிள்ளையின் தலை உங்கள் முட்டிப் பக்கம், கால் வயிற்றுப் பக்கம். பழையதை அவிழ்க்கும் முன்பே புதியதை விரித்து அடியில் சொருகிவிடுங்கள். இதுதான் சூட்சுமம். அப்புறம் பழையதைத் திறந்து, அதன் முன்பக்கத்தாலேயே பெரும்பங்கை வழித்து, ஈரத் துணியால் மிச்சத்தைத் துடைக்க வேண்டும். பெண் பிள்ளை என்பதால் முன்னிருந்து பின்னால் மட்டுமே துடையுங்கள். பின்னிருந்து முன்னால் இழுத்தால் கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகும். பால் குடித்த பிள்ளையின் இரண்டு காலையும் சேர்த்து மேலே தூக்கினால் வயிறு அமுங்கிக் கக்கிவிடும். ஒரு பக்கமாக லேசாகப் புரட்டினால் போதும். துடைத்த துணிகளையெல்லாம் பழைய பெம்பர்ஸுக்குள்ளேயே வைத்துச் சுருட்டி உருவினால், அடியில் புதியது தயாராக இருக்கும். ஒட்டிவிட வேண்டியதுதான். வீட்டில் ஒரு வாரம் மடியில் மாற்றிப் பழகினால் இரண்டு நிமிஷம்கூட ஆகாது. பவுடர் மட்டும் தூவாதீர்கள். அது பிள்ளையின் மூச்சில் போகும், பக்கத்தில் இருப்பவர் மூச்சிலும் போகும்.

பால் குடிக்கிற பிள்ளையின் ஆய் அசுத்தமா என்று கேட்டீர்கள். நாற்றம் குறைவு, மஞ்சளாகத் தயிர் போல இருக்கும், உண்மைதான். அதனால் அதில் கிருமி இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. நம் நாட்டில் அடிக்கடி வரும் கை, கால், வாய் நோயின் கிருமி, பிள்ளை தேறிய பிறகும் பல வாரம் ஆயில் வெளியேறிக்கொண்டிருக்கும். வயிற்றுப்போக்கைப் பரப்பும் ரோட்டா வைரஸ், தொட்ட இடத்தில் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்த இருக்கையில் அடுத்து உட்கார்ந்து கையை ஊன்றி, அதே கையால் பிஸ்கட் தின்னப் போவதும் ஒரு பிள்ளையாக இருக்கலாம். இருக்கையில் வேண்டாம் என்று நான் சொல்வது அந்தப் பிள்ளைக்காகவும்தான். ஏதாவது பட்டுவிட்டால் துடைத்துவிட்டு, டிரைவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சானிடைசர் அப்போதைக்குத்தான். வயிற்றுப்போக்குக் கிருமிகள் சில அதற்கு அசையாது. இறங்கியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

ரயிலில் போக முடிந்தால் கொஞ்சம் நிம்மதி. இ.டி.எஸ். ரயிலில் கழிப்பறை உண்டு. இடம் சிறிதுதான் என்றாலும் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஈரத் துணியை மட்டும் அதற்குள் போட்டு நீரிறைத்துவிடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். தலைநகர்ப் பக்கம் கொமுட்டர் ரயில் ஏறினால் 2010-லிருந்து பெண்களுக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது. பால் கொடுக்க அது வசதி. ஆனால் கொமுட்டரில் கழிப்பறையை எதிர்பார்க்காதீர்கள், ஏறும் முன்பே ஸ்டேஷன் கழிப்பறையில் மாற்றிவிடுங்கள். பெரிய கடைத்தொகுதிகளில் பிள்ளை படத்தோடு தனி அறை இருக்கும். உடல் ஊனமுற்றோருக்கான கழிப்பறையில் மடக்குப் பலகை இருந்து, யாரும் காத்திருக்கவில்லை என்றால், அதைச் சட்டென்று பயன்படுத்திவிட்டு வெளியே வந்துவிடலாம்.

வாய்க்காலில் போட்டது

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் இத்தனை வருஷத்தில், பிள்ளைக்கு பெம்பர்ஸ் மாற்றியதற்காக ஒரு தாய் சமன் வாங்கியதாகக் கேள்விப்பட்டதில்லை. டிரைவர் உங்களை நிறுத்துவதற்காகச் சொன்ன வார்த்தை என்றே நினைக்கிறேன். பயத்தை விடுங்கள். உண்மையில் சட்டம் தொடும் இடம் வேறு. 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி சாலையிலும் வாய்க்காலிலும் குப்பை வீசுவது குற்றம். அந்த நேரத்தில் உங்களுக்கு எதுவும் தோன்றியிருக்காது என்பது புரிகிறது. ஆனால் அந்தப் பெம்பர்ஸ் மழை நீரை இழுத்து ஊதிப்போய் மதகில் அடைத்துக்கொண்டிருக்கும். அது மக்காத சரக்கு.

பையில் எப்போதும் நான்கைந்து பிளாஸ்டிக் பை வையுங்கள். பழையதைச் சுருட்டி அதன் பட்டையாலேயே ஒட்டி, பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டு, இன்னொரு பைக்குள் போட்டால் நாற்றம் வெளியே வராது. குப்பைத் தொட்டி தென்படும் வரை உங்களோடு வரட்டும். பஸ் இருக்கைக்கு அடியில் விட்டுவிட்டு இறங்குபவர்களும் இருக்கிறார்கள். ராத்திரி அந்தப் பஸ்ஸைக் கூட்டுவது யார்? நம் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அக்காவாகவே இருக்கக்கூடும்.

வீட்டில், கெட்டியாக இருப்பதை மட்டும் கழிப்பறையில் தட்டிவிட்டுச் சுருட்டிப் போடுங்கள். பெம்பர்ஸைக் குழாயடியில் அலசிப் பிழியும் பழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. உள்ளே இருக்கும் கூழ் பிதுங்கிக் கால்வாயை அடைத்துவிடும். பிள்ளையின் மலத்துணியைக் கொளுத்தினால் பிள்ளைக்குச் சூடு பிடிக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். காரணம் வேறென்றாலும் கொளுத்தாமல் இருப்பதே நல்லது. பிளாஸ்டிக் புகை உங்கள் பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது. திறந்தவெளியில் குப்பை எரிப்பதைச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் தடுக்கிறது.

அந்தப் பாட்டி, அந்தப் பையன்

பாட்டிக்கு அருவருப்பு வந்ததில் நியாயம் இருக்கிறது. சாப்பாடு மடியில் இருந்தது. "மன்னிச்சிருங்க பாட்டி, அவசரம்" என்று ஒரு வார்த்தை முதலில் சொல்லியிருந்தால் அந்த வேகம் கொஞ்சம் தணிந்திருக்கலாம். ஆனால் ஒரு சின்னப் பெண் கையில் பிள்ளையும் சட்டையில் கறையுமாகத் தவிக்கும்போது "வெட்கமாயில்லையா" என்று கேட்டது சரியில்லை. பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு, "இங்கே கொடு, நான் பிடிச்சுக்கிறேன்" என்று கையை நீட்டியிருக்கலாம். நம் தோட்டங்களில் அப்படித்தானே பிள்ளைகள் வளர்ந்தோம்? என் அம்மா ரப்பர் பால் வெட்டப் போகும்போது, விடிவதற்கு முன் என்னை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார். வரிசையாகச் சேலைத் தூளி தொங்கும், ஒரே ஓர் ஆயா. யார் வீட்டுப் பிள்ளை நனைத்தாலும் அவர் கைதான் துணியை உருவும். வெயில் ஏறுவதற்குள் கொடிக் கயிறு முழுக்கத் துணி காயும். யாரும் மூக்கைப் பிடித்ததாக எனக்கு நினைவில்லை. அந்தப் பாட்டியும் அப்படியொரு கொட்டகையில் பிள்ளையை விட்டுப் போனவராக இருக்கலாம்.

டிஷ்யூ கொடுத்த சீனப் பையனை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அவனை விடமாட்டேன். கையில் இருந்ததைக் கொடுத்தான், ஒரு வார்த்தை பேசவில்லை, உற்றுப் பார்க்காமல் எழுந்து முன்னால் போய் உங்களுக்கு இடம் விட்டான். ஒரு தாய்க்குப் பஸ்ஸில் இவ்வளவு போதும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: பக்கத்தில் ஒரு தாய் திணறினால் பையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், டிரைவரிடம் நீங்கள் போய்ச் சொல்லுங்கள், ஒரு துண்டை விரித்து மறைப்புக் கொடுங்கள். போனில் படம் மட்டும் எடுக்காதீர்கள்.

இனி, கண் டாக்டர்

31 வாரத்தில் பிறந்த பிள்ளையின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் முழுதாகப் பரவியிருக்காது. பிறந்த பிறகு அவை தாறுமாறாக வளர்ந்தால் பார்வையே போகக்கூடும். காலத்தில் கண்டால் சிகிச்சை உண்டு, தாமதித்தால் அந்த வாய்ப்பு நழுவிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாகத்தான் இருக்கும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. முந்திய பரிசோதனைகளில் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தாலும், கொடுத்த தேதியைத் தவறவிடக் கூடாது. உங்கள் பிள்ளையின் கண் ஒரு பஸ் பயணத்தின் அவமானத்தால் தள்ளிப்போயிருக்கிறதே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. யார் திட்டினாலும் பாதியில் இறங்காதீர்கள், ஈப்போ வரை போய்விடுங்கள். கறைபட்ட சட்டையோடு தாய்மார்கள் வருவது எங்களுக்குப் புதிதல்ல. என் கிளினிக்கில் மாற்றுத்துணி கேட்டு வாங்கிக்கொண்டவர்கள் உண்டு.

நாளைக்கே அப்பாயிண்ட்மென்ட் அட்டையில் இருக்கும் எண்ணுக்கு போன் செய்யுங்கள். வர முடியாமல் போய்விட்டது, 31 வாரப் பிள்ளை என்று வாரக் கணக்கைச் சொல்லிக் கிடைக்கிற முதல் தேதியைக் கேளுங்கள். போன் எடுக்கவில்லை என்றால், பிள்ளைக்கு ஊசி போடும் சுகாதாரக் கிளினிக்கில் அட்டையைக் காட்டிச் சொல்லுங்கள். அங்கே இருக்கும் தாதி பேசி வாங்கித் தருவார். முடிந்தால் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியைத் துணைக்கு அழைத்துப் போங்கள். பிள்ளைக்கு இரண்டு சட்டை, உங்களுக்கு ஒரு சட்டை, நான்கு பெம்பர்ஸ், ரப்பர் விரிப்பு, ஈரத் துணி, பிளாஸ்டிக் பை, பழைய கைலி. இவ்வளவையும் ராத்திரியே எடுத்து வைத்துவிடுங்கள்.

பின்புறச் சிவப்புக்கு, ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் வெறும் தண்ணீரால் கழுவி, ஒற்றி எடுத்து, பத்து நிமிஷம் பெம்பர்ஸ் இல்லாமல் காற்றாட விடுங்கள். பிறகு துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பைக் கொஞ்சம் தடிப்பாகப் பூசுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும். இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும். தொடை மடிப்புக்குள் அடர் சிவப்பாகி, ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளியாகப் பரவினால் அது பூஞ்சை, அதற்கு வேறு மருந்து வேண்டும். அப்படி இருந்தால் கிளினிக்கில் தேதி கேட்கப் போகும்போதே பிள்ளையைத் தாதியிடம் திறந்து காட்டிவிடுங்கள்.